வலப்பக்கமும் இடப்பக்கமும்

செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் ஒரு வரம் கேட்டார்கள். அவர் மாட்சியில் வீற்றிருக்கும்போது ஒருவருக்கு வலப்பக்கம், மற்றவருக்கு இடப்பக்கம் வேண்டுமாம். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்தது என்கிறார் மாற்கு. கேட்டது பிழை என்ற கோபமா, தாம் முந்திக் கேட்கவில்லையே என்ற கோபமா? கிராமச் சங்கங்களின் நிர்வாகசபைத் தெரிவைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும்.

இந்த ஆசைக்கு மருந்து தாழ்ந்த இடத்தைத் தேடிப் போவதே என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஒல்லாந்து நாட்டுக் குருவான ஹென்றி நௌவென் அப்படித்தான் போனார். யேல், ஹாவார்ட் பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர், பல நூல்களை எழுதியவர். 1986இல் ரொறன்ரோவுக்கு அருகே, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் வாழும் லார்ஷ் இல்லம் ஒன்றில் சேர்ந்தார். பேச முடியாத ஓர் இளைஞனைக் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, உணவருந்த உதவுவது அவருக்குத் தரப்பட்ட வேலை. அந்த இளைஞனுக்கு ஹாவார்ட் ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் மறுவருட இறுதியில் நௌவென் மனமுடைந்து, சில மாதங்கள் விலகியிருந்து உதவி பெற நேர்ந்தது. பிறரது அன்புக்கும் அங்கீகாரத்துக்கும் தாம் ஏங்கியதை அவர் ஒளிக்காமல் எழுதினார்.

லார்ஷைத் தொடங்கியவர் ஜீன் வானியே. கனடாவின் மகாதேசாதிபதியாக இருந்தவரின் மகன். கடற்படை அதிகாரியாக இருந்தவர். 1964இல் பிரான்சின் ஒரு கிராமத்தில், விடுதியில் அடைபட்டிருந்த இருவரை அழைத்துவந்து ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார். பலவீனரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று உலகெங்கும் போதித்தார். 2019இல் மறைந்தபோது பலர் அவரைப் புனிதராகவே எண்ணினர். 2020இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, ஆன்மீக வழிகாட்டல் என்ற போர்வையில் அவர் ஆறு பெண்களைப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உட்படுத்தினார் எனக் கூறியது. 2023இல் வந்த விரிவான அறிக்கையில் அத்தொகை குறைந்தது 25 ஆயிற்று. அவர்களுள் துறவறத்தாரும் இருந்தனர்.

அரசாங்க அதிகாரிக்கு மேலதிகாரி உண்டு, கணக்காய்வு உண்டு, இடமாற்றமும் உண்டு. ஏழைகளோடு ஏழையாக இருப்பவரை யார் கேள்வி கேட்பது? வானியேயின் தொண்டு அவரது அதிகாரத்தைக் குறைக்கவில்லை. அதைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கியது. பரிசுத்தர் என்று நம்பியதாலேயே அப்பெண்கள் அவரிடம் போனார்கள்.

தொண்டு செய்யும் நாமும் இதற்கு விலக்கல்ல. விதைநெல்லும் சுழற்சிக் கடனும் பங்கிட நாம் கிராமத்துக்குப் போகிறோம். பட்டியலில் பெயர் எழுதும் பேனா எமது கையில் இருக்கிறது. எமது தாயின் வயதையொத்த ஒரு விதவை எம்மைக் கண்டதும் எழுந்து நிற்கிறார். இருங்கள் அம்மா என்கிறோம். ஆனால் அவர் எழுந்தது எமக்குப் பிடித்தும் இருக்கிறது.

அந்த இரு விசாரணைகளையும் கோரியது வேறு யாருமல்ல, லார்ஷ்தான். தொடங்கியவரின் பெயர் என்னவாகும் என்று தெரிந்துகொண்டே அறிக்கைகளை வெளியிட்டது. பேச முன்வந்த பெண்களின் துணிவையும் அது வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.