மெத்தும் எம்.டி.எம்.ஏ.வும்: பெற்றோர் அறிய வேண்டிய வேறுபாடு

போதை என்றால் மதுவும் கஞ்சாவும்தான் என்று நாம் நினைத்திருந்த காலம் போய்விட்டது. 2024 பிப்ரவரியில் டெல்லியில் சுமார் 50 கிலோ சூடோஎபெட்ரின் பிடிபட்டது. சத்துமாவு, தேங்காய்ப் பொடி சரக்குகளில் மறைத்து அதை வெளிநாடுகளுக்கு அனுப்பிய அந்த வழக்கு தமிழ்நாடு வரை நீண்டது. 'ஐஸ்', 'கிரிஸ்டல்' எனப்படும் மெத்தம்பெட்டமைனுக்கு அதுதான் மூலப்பொருள்.

பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை பக்கம் அத்தா வளைகுடாவிலும் பிள்ளை வெளியூர்க் கல்லூரி விடுதியிலுமாக வாழும் குடும்பங்கள் பல. விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் எதைக் கவனிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஹராம் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வேதியியலிலும் இரண்டும் உறவுக்காரர்கள்தான். உடலில் செய்யும் வேலை வேறு.

மெத் மூளையில் டோபமைனை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. அதன் வேகம் 8 முதல் 12 மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் நிற்கும். இரண்டு மூன்று நாள் தூக்கமில்லை, சாப்பாடில்லை. பிறகு அடித்துப் போட்டாற்போல் தூக்கம். உடல் மெலியும், பற்கள் சிதையும். யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகம், காதில் குரல்கள் என்று மனநோயாகவே முற்றலாம். இதை ஜின் கோளாறு, கண்ணேறு என்று எண்ணி மாதக்கணக்கில் அலைபவர்களும் உண்டு. அடிமையாக்கும் வேகத்தில் மெத்தே கொடியது.

எம்.டி.எம்.ஏ. (எக்ஸ்டஸி) முக்கியமாக செரடோனினைக் கொட்டச் செய்கிறது. 3 முதல் 6 மணி நேரம் எல்லோர் மீதும் பாசம் பொங்கும். அடுத்த சில நாட்கள் மனம் சோர்ந்து கிடக்கும். ஒரே ஒரு முறை உட்கொண்டவரையும் இது கொல்லக்கூடும். உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறலாம். அதைத் தணிக்க அளவின்றித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

எம்.டி.எம்.ஏ. என்று விற்கப்படுவதில் மெத் கலந்திருப்பதும் உண்டு. அதனால் "ஒரு மாத்திரைதானே" என்பது வாங்குபவனுக்கே தெரியாத கணக்கு.

கடும் காய்ச்சல், வலிப்பு, நெஞ்சுவலி என்றால் உடனே 108. என்ன உட்கொண்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மெத் பழக்கத்தை மாற்றும் மாத்திரை என்று எதுவும் இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. மனநல ஆலோசனையும் தொடர் கண்காணிப்புமே சிகிச்சை. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம். மானம் போகும், போலீஸ் வரும் என்று அஞ்சியே பல வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஆனால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் திரும்பப் பெறப்படலாம்.