டிரைவர் கதைகள் – 14: இல்லையா, ஏற்கெனவேயா?

மெமரி கார்டுக்கு இரண்டு மின்வழிகள். லினக்ஸில் ஒன்றுக்கு விஎம்எம்சி என்று பெயர், அது கார்டின் உள்ளே இருக்கும் சில்லுகளுக்கு. மற்றது விக்யூஎம்எம்சி, சிக்னல் கம்பிகளுக்கு. போன வாரக் கதை அவ்வளவுதான்; தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

லேப்டாப் தூங்கப் போகும்போது இந்த மின்வழிகளின் ரெகுலேட்டர்களை யார் அணைப்பது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாமே என்று கர்னலின் மூலநிரலைத் திறந்தேன். அந்தச் சந்தேகம் இந்தப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டுவிட்டது.

செருகிய எஸ்டி கார்டு 3.3 வோல்ட் சிக்னலில்தான் பேச ஆரம்பிக்கும். டிரைவர் மின்சாரம் கொடுத்து, அது நிலைக்கும்வரை பொறுத்து, 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாத கிளாக்கில் விசாரிக்கத் தொடங்கும். 3.3 வோல்ட்டில் நொடிக்கு 25 மெகாபைட்தான் உச்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிக்னல் கம்பிகள் 1.8 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். ஏறி இறங்கும் உயரம் குறைந்தால் வேகம் கூடும். செலவாகும் சக்தி வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியில் அதே கிளாக்கில் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 1.8-ல் ஓடும் எஸ்டிஆர்104 என்ற முறை 208 மெகாஹெர்ட்ஸில் 104 மெகாபைட் வரை தரும்.

இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. ‘1.8-க்கு வருகிறாயா?’ என்று டிரைவர் ஒரு பிட்டில் கேட்கும். கார்டு 1 என்று பதில் சொன்னால் சம்மதம். அடுத்து சிஎம்டி11 என்ற கட்டளை போகும். கார்டு கம்பிகளைக் கீழே இழுத்துப் பிடிக்கும், கன்ட்ரோலர் கிளாக்கை நிறுத்தும், ரெகுலேட்டர் இறங்கும், குறைந்தது 5 மில்லிசெகண்டு கழித்து கிளாக் மறுபடி ஓடும். விதிமுறை 5 என்கிறது, லினக்ஸ் 10 மில்லிசெகண்டு காத்திருக்கிறது. விதி 5-தான் கேட்கிறது என்று அந்த வரிக்கு மேலேயே குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள்! எல்லா போர்டுகளிலும் வோல்ட் ஒரே வேகத்தில் இறங்கி நிலைப்பதில்லை. 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3.3-ஆ, 1.8-ஆ என்று தேர்ந்தெடுப்பது அங்கே ஒரே ஒரு ஜிபிஐஓ பின். ஆனாலும் அதன் டிவைஸ் ட்ரீ கோப்பில், வோல்ட் நிலைபெற 5,000 மைக்ரோசெகண்டு ஆகும் என்று தனியே ஒரு வரி இருக்கிறது.

விஷயம் இதற்குப் பிறகுதான். 1.8-க்கு இறங்கிய கார்டை 3.3-க்குத் திரும்ப ஏற்றக் கட்டளையே கிடையாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் சிஎம்டி0-வுக்கும் இதில் அதிகாரம் இல்லை. விஎம்எம்சியை நிறுத்தி, 0.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கி, ஒரு மில்லிசெகண்டாவது அப்படியே வைத்திருந்து மறுபடி கொடுத்தால்தான் கார்டு 3.3-க்கு வரும். ஆனால் விஎம்எம்சிக்கு ஸ்விட்சே வைக்காத போர்டுகளும் உண்டு. கார்டை நேராக 3.3 வோல்ட் தடத்தில் கட்டியிருப்பார்கள். அங்கே ரீபூட் செய்தால் கணினி எல்லாவற்றையும் மறந்துவிட்டு 3.3-ல் பேச ஆரம்பிக்கும். மின்சாரம் அறுபடாத கார்டு எதையும் மறக்கவில்லை, 1.8-லேயே நிற்கிறது. விதிப்படி 3.3-ல் ஒரு சிக்னலை 1 என்று எடுத்துக்கொள்ள 2.06 வோல்ட்டாவது வேண்டும். கார்டு அனுப்புவதோ 1.8. பேச்சு நடந்தால் அது அதிர்ஷ்டம்.

நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். ‘1.8-க்கு வருகிறாயா?’ என்று டிரைவர் கேட்கிறது. கார்டு சொல்லும் பதில் 0. எனக்கு அது வராது என்றாலும் 0-தான், ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறேன் என்றாலும் 0-தான். வீட்டுக்கு வந்தவரிடம் ‘சாப்பிடறீங்களா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்கிறார். சாப்பிட்டுவிட்டு வந்தாரா, நம் வீட்டில் கை நனைக்கமாட்டாரா? மறுபடி கேட்டாலும் அதே பதில்தான் வரும். விரலில் சாம்பார் மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பதே வழி.

லினக்ஸ் டிரைவர் பார்ப்பதும் அப்படி ஒரு கறையைத்தான். சிஎம்டி6 கட்டளைக்கு கார்டு 64 பைட்டில் பதில் தரும். என்னென்ன வேகங்களில் ஓடத் தயார் என்ற பட்டியல் அதில் ஒரு பகுதி. எஸ்டிஆர்50, எஸ்டிஆர்104, டிடிஆர்50 மூன்றும் 1.8-ல் மட்டுமே ஓடுபவை. 3.3-ல் எழுந்த கார்டு அந்த மூன்று பிட்டுகளையும் பூஜ்யமாகவே காட்ட வேண்டும் என்பது விதி. அவற்றில் ஏதாவது ஒன்று 1 என்று இருந்தால் கார்டு 1.8-ல் இருக்கிறது என்று முடிவு. வேகத்தைப் பற்றிய பதிலிலிருந்து வோல்ட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்! டிரைவர் உடனே தன் பக்கத்து வோல்ட்டையும் 1.8-க்கு இறக்கிக்கொண்டு வேலையைத் தொடரும். அது பலிக்காவிட்டால் மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்து முதலிலிருந்து தொடங்கும். இந்த வித்தை ஒருமுறை தோற்றது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் காலம் முழுக்க இதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இங்கே கார்டுக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரியவில்லை. நேர்மாறாகவும் ஒன்று உண்டு. பெரிய எஸ்டி கார்டின் ஓரத்தில் ‘லாக்’ என்று ஒரு பொத்தான் நகருமே, அதற்கும் உள்ளே இருக்கும் சில்லுக்கும் கம்பித் தொடர்பே இல்லை. அது பூட்டியிருக்கிறதா என்று கார்டுக்குத் தெரியாது. சாக்கெட்டில் இருக்கும் ஸ்விட்ச் அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல, எழுதாமல் விடுவது டிரைவரின் மரியாதை. மைக்ரோ எஸ்டியில் அந்தப் பொத்தானும் இல்லை.

இடம் தீர்ந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் கார்டு நிச்சயம் அணைந்துவிடும் என்று மேலே சுலபமாக எழுதிவிட்டேனே, அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. விஎம்எம்சி நின்ற பிறகும் விக்யூஎம்எம்சி ஓடிக்கொண்டிருந்தால், புல்-அப் ரெசிஸ்டர்கள் வழியாக டேட்டா கம்பியிலிருந்து கார்டுக்குள் மின்சாரம் கசியும், வோல்ட் 0.5-க்குக் கீழே இறங்காமலே போகலாம். அடுத்த வாரம் அந்தக் கசிவு. லேப்டாப் தூக்கம் அதற்கும் அடுத்த வாரம், ஆசிரியர் பொறுத்துக்கொண்டால்.