கம்ப்யூட்டர் தூங்கிவிட்டு எழ மறுக்கிறதா? பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரிலிருந்து அப்பாவின் போன். குரலே சரியில்லை.

"போச்சுடா... மூணு மணி நேரமா டைப் பண்ணினது எல்லாம் போச்சு. சாப்பிட்டு வந்து பார்த்தா ஸ்கிரீன் இருட்டா இருக்கு. மவுஸை ஆட்டினாலும் வரலை. பிளக்கைப் பிடுங்கிட்டுப் போடட்டுமா?"

பணி ஓய்வுக்குப் பிறகு தாத்தாவின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதிக்கொண்டிருக்கிறார் அப்பா. அன்று எழுதியதை ஒருமுறைகூட 'சேவ்' செய்யவில்லை.

"அப்பா, எதையும் பிடுங்காதீங்க. அது சாகலை, தூங்குது" என்றேன்.

இந்தப் பதற்றம் பல வீடுகளிலும் வருவதுதான். அப்போது என்ன செய்ய வேண்டும்?

தூக்கத்தில் என்ன நடக்கிறது?

'ஸ்லீப்' நிலையில் கம்ப்யூட்டர் முழுவதுமாக அணைவதில்லை. நாம் திறந்துவைத்த ஃபைல்கள் எல்லாம் 'ரேம்' என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும். அதற்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அந்த மின்சாரம் நின்றால் ரேமில் இருப்பது அழிந்துவிடும். அதனால்தான் பிளக்கைப் பிடுங்குவது கடைசி வழியாக இருக்க வேண்டும்.

'ஹைபர்னேட்' வேறு. அதில் எல்லாமே ஹார்டு டிஸ்க்கில் எழுதப்பட்ட பிறகு கம்ப்யூட்டர் முழுதாக அணையும். கரன்ட் போனாலும் கவலையில்லை.

முதலில் மானிட்டரைப் பாருங்கள்

பல நேரம் கம்ப்யூட்டர் விழித்திருக்கும், மானிட்டர்தான் தூங்கும். மானிட்டரை அதன் பட்டனிலேயே அணைத்து, மறுபடி போடுங்கள். பின்னால் உள்ள கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். மானிட்டர் மெனுவில், கேபிள் சொருகியுள்ள இணைப்புதான் தேர்வாகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

கேப்ஸ் லாக் சோதனை

கீபோர்டில் 'கேப்ஸ் லாக்' கீயைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது, திரைக்குப் படம்தான் வரவில்லை. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' ஆகிய நான்கு கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். 'பீப்' என்று ஒரு சத்தம் வரலாம், திரை ஒருமுறை மின்னலாம். படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் ஃபைல்களுக்கு எதுவும் ஆகாது.

விளக்கு எரியவில்லையா? கீபோர்டின் யு.எஸ்.பி. வயரைக் கழற்றி, சி.பி.யு.வின் பின்பக்கம் உள்ள வேறு துளையில் சொருகிப் பாருங்கள்.

பவர் பட்டன்: பொறுமை முக்கியம்

அடுத்து, பவர் பட்டனை ஒரே ஒருமுறை லேசாக அழுத்தி, ஒரு நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டு மறுபடி மறுபடி அழுத்த வேண்டாம். விழித்திருக்கும் கம்ப்யூட்டரில் இதே பட்டனை அழுத்தினால் அது மீண்டும் தூங்கப் போய்விடலாம்.

எதற்கும் அசையவில்லை என்றால்தான் கடைசி வழி. பவர் பட்டனை 10 விநாடிகள் அழுத்திப் பிடித்து அணையுங்கள். சேவ் செய்யாதது போகும் என்று தெரிந்தே செய்யுங்கள். பிறகு பவர் கேபிளைக் கழற்றி, பட்டனை மேலும் 15 விநாடிகள் அழுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அதன்பின் கேபிளைச் சொருகிப் போடுங்கள். வேர்டு போன்ற மென்பொருளில் எழுதியிருந்தால், திறந்ததும் 'ரெக்கவரி' பகுதியைப் பாருங்கள். வழக்கமாக 10 நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானாகவே ஒரு பிரதி எடுத்து வைக்கும்.

மறுபடி வராமல் இருக்க...

* 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, கீபோர்டு, மவுஸ் இரண்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியிலும் கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி தரும் கட்டத்தில் டிக் செய்யுங்கள்.

* கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யுங்கள். இந்தத் தொல்லைக்கு அடிக்கடி காரணமாவது பழைய டிரைவர்தான்.

* வாரம் ஒருமுறையாவது 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கும் கம்ப்யூட்டரில் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் டிரைவர்கள் முழுதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை.

* எதுவுமே சரிப்படவில்லையா? பவர் செட்டிங்கில் ஸ்லீப்புக்கு 'நெவர்' என்று வைத்துவிட்டு, திரை மட்டும் அணையும்படி மாற்றிக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் எழுந்து போவதாக இருந்தால் ஹைபர்னேட் பயன்படுத்தலாம்.

எப்போது மெக்கானிக்?

தேதியும் நேரமும் அடிக்கடி பழையதாக மாறினால், மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். செலவு அதிகம் ஆகாது. தானாக அணைவது, கருகிய வாசனை, தொடர் பீப் சத்தம் இருந்தால் கரன்ட்டைத் துண்டித்துவிட்டுத் தெரிந்தவரை அழையுங்கள். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

சரி, அப்பாவின் கதை என்னாயிற்று? கேப்ஸ் லாக் விளக்கு எரிந்தது. நான்கு கீகளை ஒன்றாக அழுத்த அவருக்கு விரல் போதவில்லை. அம்மாவையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். 'பீப்' சத்தம் போனிலேயே எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் அமைதி.

"வந்துருச்சுடா!"

"முதல்ல கன்ட்ரோல், 'எஸ்' அழுத்துங்கப்பா. மத்ததை அப்புறம் பேசலாம்."

இப்போதெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, சேவ் பண்ணிட்டு வர்றேன்" என்கிறாராம். நீங்களும் நாற்காலியை விட்டு எழும்முன் அந்த இரண்டு கீகளைத் தட்டிவிடுங்கள்.