எத்தனை கிலோ, எத்தனை தடவை?

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை சர்க்கரை, சிறுநீரகம், பிரசவம் சம்பந்தப்பட்டவை. அண்மையில் வந்த ஒன்று வேறு மாதிரி. பத்தொன்பது வயதுப் பிள்ளை ஜிம்மில் சேர்ந்து மூன்றாவது வாரம், கூட்டாளிகள் தூக்குகிறார்களே என்று அறுபது கிலோ பார்பெல்லைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறான். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கேன், மாத்திரை, ஒரு மாதம் படுக்கை. உதவித்தொகையைக் கொடுத்துவிட்டோம். எழுந்து போகும்போது அவனுடைய உம்மா கேட்டதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லை: "இத்தனை கிலோதான் தூக்கணும்னு யாரு காக்கா அவங்களுக்குச் சொல்றது?"

அதன்பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தோம். விவரம் தெரிந்த பிசியோதெரபி சகோதரர் ஒருவரிடமும் கேட்டுக்கொண்டோம். நமக்குப் புரிந்ததைக் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இரண்டு சொற்கள். டம்பெல்லை ஒரு தடவை தூக்கி இறக்கினால் அது ஒரு 'ரெப்'. இடைவிடாமல் பத்து ரெப் செய்து கீழே வைத்தால் அது ஒரு 'செட்'. இரண்டு நிமிடம் இளைப்பாறி மறுபடியும் பத்து செய்தால் இரண்டாவது செட். ஜிம்மில் பிள்ளைகள் "மூணு செட், பத்து ரெப்" என்று பேசிக்கொள்வது இதைத்தான்.

இந்தக் கணக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் முழங்காலில் அடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் சிகாகோவின் இராணுவ மருத்துவமனை ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் அவர்களை எடை தூக்க வைத்தார். சிறுவயதில் காய்ச்சலில் நலிந்து எடை தூக்கித் தேறியவர் அவர். பத்து தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை எதுவோ அதையே அளவாக வைத்துக்கொண்டார். 1945-இல் தம் முறையை வெளியிட்டபோது ஏழு முதல் பத்து செட் வரை சொன்னார். பிறகு அத்தனை தேவையில்லை என்று கண்டு, 1948-இல் மூன்றாகக் குறைத்தார்: அந்த எடையில் பாதியை வைத்து முதல் செட், முக்காலை வைத்து இரண்டாவது, முழு எடையை வைத்து மூன்றாவது. ஆள் தேறத் தேற எடையும் ஏறும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, எடையை அளப்பது அவரவர் உடம்பைக் கொண்டுதான் என்பதை. பக்கத்தில் நிற்பவன் தூக்குவது நமக்கு அளவே அல்ல. எட்டுக்குக் குறைவாகத்தான் தூக்க முடிகிறது என்றால் புதியவருக்கு அந்த எடை அதிகம். பன்னிரண்டு முடித்தும் மூச்சு வாங்காமல் கதை பேச முடிகிறது என்றால் குறைவு. செட் முடியும்போது "இன்னும் இரண்டு செய்யலாம், மூன்றாவது முடியாது" என்ற நிலை இருக்க வேண்டும். முதுகு வளைந்தாலோ எடையை வீசித் தூக்க நேர்ந்தாலோ அந்த செட் அங்கேயே முடிந்தது.

கனமான எடைதான் தசையை வளர்க்கும் என்பது முழு உண்மையும் அல்ல. குறைந்த எடையை இருபது, இருபத்தைந்து தடவை, தசை களைத்துப்போகும் வரை தூக்கினாலும் தசை ஏறக்குறைய அதே அளவு வளர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பலம் கூட்டுவதில்தான் கன எடைக்கு முந்துரிமை. ஆகவே ஜிம் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை தண்டாலும் பஸ்கியும் எடுத்தே நல்ல உடம்பு வளர்க்கலாம். களைப்பு வரும்வரை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பயிற்சிக்கு இரண்டு மூன்று செட், ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. புதியவருக்கு இது போதும். ஆறு மாதம் போனபின், ஒரு தசைக்கு வாரத்துக்குப் பத்து செட் என்ற அளவுக்குக் கூட்டிக்கொள்ளலாம். தினமும் நெஞ்சுக்கும் புஜத்துக்கும் மட்டுமே செய்துவிட்டுக் காலை மறந்துவிடுகிற பிள்ளைகள் நம்மில் நிறைய. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன.

எடையை எப்போது கூட்டுவது? எல்லா செட்டிலும் பன்னிரண்டு ரெப் சுத்தமாக வந்து, அடுத்த தடவையும் அப்படியே வந்தால் கூட்டலாம். பத்தில் ஒரு பங்குக்குள் கூட்டுவது நல்லது. ஆனால் டம்பெல்கள் அப்படி அமைவதில்லை. ஐந்து கிலோவுக்கு அடுத்தது ஏழரை கிலோ என்றால், அது ஒன்றரை மடங்கு! அப்படியானால் ஐந்து கிலோவிலேயே பதினைந்து, இருபது ரெப் வரை போய்விட்டுப் பிறகு மாற வேண்டும். முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று கூடும். நரம்புகள் பழகுவதால் வருவது அது, தசை பின்னால்தான் வரும். நம் மனுவில் வந்த பிள்ளை ஏமாந்தது இங்கேதான் என்று நினைக்கிறோம்.

நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எடையைக் குறைக்காமல் செட்டை மட்டும் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டாலும் சேர்த்த தசை கரையாது. நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, சற்று நேரம் கழித்துச் செய்வது நல்லது.

உணவைப் பொறுத்தவரை, பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் அளவில் புரதம் போதும். அறுபது கிலோ பிள்ளைக்குத் தொண்ணூறு கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. மீன், கோழி, பருப்பு, கடலை, தயிர் என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே இதைச் சேர்த்துவிடலாம். பவுடர் இல்லாமல் முடியாது என்பது வியாபாரப் பேச்சு.

ஊசி விஷயத்தைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் தசை சீக்கிரம் வரும், பொய்யில்லை. ஆனால் உடம்பு தானாகச் சுரக்கும் ஆண் ஹார்மோன் நின்றுபோகிறது, விந்தணு குறைகிறது, இதயம் கெடுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை இல்லையே என்று மருத்துவமனைக்கு அலைவதற்கு இதுவும் காரணமாகலாம். மகனின் உடம்பு ஓரிரு மாதத்தில் திடீரென்று பெருத்து, முகத்திலும் முதுகிலும் பருக்கள் வந்து, கோபமும் கூடினால் உட்காரவைத்துப் பேசுங்கள். வாப்பா அடித்துக் கேட்டால் சொல்ல மாட்டான்.

பிள்ளைகளைவிட இந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படுவது ஐம்பதைத் தாண்டிய நமக்குத்தான். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்கிறது. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. 1990-இல் அமெரிக்காவில் முதியோர் இல்லத்திலிருந்த தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. பெண்களுக்கும் இதே கணக்குதான். எடை தூக்கினால் ஆண் மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அதற்கான ஹார்மோன் அளவு பெண்ணுடலில் இல்லை.

வீட்டில் செய்ய, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். பத்து தடவை ஒரு செட். இலேசாகிவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள், அதுதான் இரண்டு கிலோ. எழும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும். இதய நோய் உள்ளவர்களும், சர்க்கரையால் கண் பாதித்தவர்களும், இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

தேதி, எடை, ரெப் மூன்றையும் எழுதிவைக்கக் கோடு போட்ட சிறு நோட்டுகள் அச்சடித்து வைத்திருக்கிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகத்துக்கு வந்து இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்கு முதல் நோட்டைக் கொடுத்தாயிற்று. இப்போது நாற்காலிப் பயிற்சியில் இருக்கிறான்.