நீர்வீழ்ச்சியைப் பார்த்தால் பாறை ஏன் மேலேறுகிறது?

பன்விலப் பக்கம் போனால் ஹுளுகங்கை நீர்வீழ்ச்சியின் ஒரு புள்ளியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பிறகு பார்வையைப் பக்கத்துப் பாறைக்குத் திருப்புங்கள். பாறை மெல்ல மேலே ஊரும்; ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும்! 1834இல் ஸ்கொட்லாந்தின் ஃபொயர்ஸ் நீர்வீழ்ச்சியில் ரொபர்ட் ஆடம்ஸ் இதைக் கண்டு எழுதினார்.

கீழ்நோக்கிய அசைவுக்குச் சில நரம்புக் கலங்கள், மேல்நோக்கியதற்கு வேறு சில. இரண்டும் சமமாகத் துடித்தால் மூளை 'அசைவில்லை' என்று முடிவுகட்டும். விழும் நீரையே பார்த்திருந்தால் முதல் அணி களைத்துவிடும்; பாறையைப் பார்த்ததும் மற்றதன் கை ஓங்கும். பாறை ஊர்கிறது, ஆனால் இடம் மாறவில்லை; இடமும் அசைவும் மூளையில் தனித்தனிக் கணக்குகள் என்பதற்கு இதைவிட அழகான சான்று வேண்டுமா?

களைப்பு கண்ணில் மட்டும் அல்ல: ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நீரைப் பாருங்கள்; பிறகு மூடியிருந்த கண்ணால் மட்டும் பாறையைப் பாருங்கள். அப்போதும் பாறை சற்றே ஏறும்.