உங்களுக்குத் தெரியுமா? ஆள் ஏறினால் பைக் அமுங்க வேண்டும்!

சரியாக அமைத்த பைக்கின் சஸ்பென்ஷன், ஓட்டுபவர் உட்கார்ந்ததுமே தன் முழு அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கிவிடும். அது பழுதல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். பின்சக்கரம் 120 மி.மீ. ஏறி இறங்கும் பைக்கில் சுமார் 35–40 மி.மீ.

• பள்ளம் வந்தால் சக்கரம் கீழிறங்கித் தரையைப் பிடிக்க அந்த இடம் தேவை. அமுங்காத பைக்கில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அந்த நொடியில் டயருக்குப் பிடியே கிடையாது.

• ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று நினைப்பவர் பலர். விறைப்பு மாறாது, பைக் நிற்கும் உயரம்தான் மாறும். பின்னால் ஒருவர் ஏறும்போது அதைக் கூட்டுவது இதற்காகவே.

• முன்ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் 5 மி.மீ. உயர்த்தினாலே வளைவில் பைக் சுறுசுறுப்பாகத் திரும்பும். அளவு மீறினால் வேகத்தில் ஹேண்டில்பார் நடுங்கும்.

• வட அயர்லாந்தின் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ், சிட்ரோயன் காரின் ஷாக் அப்சார்பரைத் தன் பைக்கின் பின்புறம் மாட்டிப் பார்த்தவர். அடுத்து அவர் நார்ட்டன் பைக் நிறுவனத்துக்காக உருவாக்கியதுதான் ‘ஃபெதர்பெட்’ சட்டகம். அந்தச் சட்டகத்துடன் களமிறங்கிய 1950-இல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டி.டி. பந்தயத்தின் முதல் மூன்று இடங்களும் நார்ட்டனுக்கே!