வெயில் பூச்சு வாங்கப் போகிறீர்களா?

"எந்தக் கிரீமைப் பூசினாலும் முகம் எரிகிறது, டீச்சர். கண்ணில் நீராகக் கொட்டுகிறது. வெயிலுக்குப் பூசுவது மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது."

பள்ளிக்கு வரும் தாய்மார்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்னொரு சாரார், "நம்ம கறுப்புத் தோலுக்கு அதெல்லாம் எதற்கு? அது வெள்ளைக்காரர்கள் பூசுவது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எரிகிறது என்று நிறுத்தியவர்களுக்கும், தேவையே இல்லை என்று ஒதுக்கியவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. அவர்கள் வெயில் பூச்சு என்று நினைத்துக்கொண்டு வேறு எதையோ பூசிக்கொள்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கறுப்புத் தோலுக்கும் வேண்டுமா?

நம் தோலில் இருக்கும் 'மெலனின்' என்ற நிறப்பொருள் இயற்கை கொடுத்த குடை. அதனால்தான் வெள்ளைத் தோல் உள்ளவர்களைப் போல நாம் ஒரே நாளில் சிவந்து, உரிந்து போவதில்லை. தோல் புற்றுநோயும் நம்மிடையே குறைவு. ஆனால் இந்தக் குடையில் ஓட்டை இல்லாமல் இல்லை.

வெயிலோடு நம் மேல் படும் புறஊதாக் கதிர்களில் இரண்டு வகை உண்டு. 'பி' வகைக் கதிர் மேல்தோலைச் சுடும். 'ஏ' வகைக் கதிர் அதைவிட ஆழமாக இறங்கும். மெல்லிய மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் அது கடந்து வரும். தொழிற்சாலைப் பேருந்தில் தினமும் ஒரே பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவருக்கு ஒரு கன்னம் மட்டும் கறுத்துப் போவது இதனால்தான்.

கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, பரு ஆறிய இடத்தில் நிற்கும் கருவடு, சொறி ஆறிய இடத்தில் தங்கும் கறை ஆகிய மூன்றும் மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும்தான் அதிகத் தொல்லை. கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் மங்கு வருவது சகஜம். அதை மேலும் கறுக்க வைப்பது வெயில். எவ்வளவு விலை கொடுத்து மருந்து வாங்கினாலும், வெயிலைத் தடுக்காவிட்டால் மங்கு திரும்பத் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்.

உச்சிப்பொழுது பன்னிரண்டு மணியா?

பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் உடனே "ஆமாம்!" என்பார்கள். நம் நாட்டில் அது தவறு. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். நாம் கடிகாரத்தைத் தள்ளினோமே தவிர, சூரியன் தன் பாட்டுக்குத்தான் போகிறது. ஆகவே கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறத்தாழ ஒன்றேகால். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது, வெயில் இறங்கிவிடும் என்று துணி காயப்போடக் கிளம்புகிறவர்கள் வெயில் ஏறுகிற நேரத்தில்தான் கிளம்புகிறார்கள்!

கடிகாரம் வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் அது காலை பத்தரை மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை. மர நிழலில் அதிகாலையில் பால் வெட்டுகிறவரைவிட, நிழலே இல்லாத இளஞ்செம்பனைக் காட்டில் உரம் போடுகிறவருக்கும், மத்தியானம் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறவருக்கும் காப்பு அதிகம் தேவை.

கனிமப் பூச்சு என்றால் என்ன?

கடையில் 'சன்ஸ்கிரீன்' என்று விற்கும் பூச்சுகள் இரண்டு இனம். ஒன்று, தோலின் மேற்பரப்பில் கலந்து கதிரை உறிஞ்சும் இரசாயனப் பொருள்கள் கொண்டது. மற்றது, துத்தநாக ஆக்சைட், டைட்டானியம் டையாக்சைட் என்ற இரண்டு கனிமப் பொடிகளால் ஆனது. நாம் பேசப் போவது இந்த இரண்டாவது இனத்தைப் பற்றி.

இந்தப் பொடிகள் கண்ணாடி போலக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் கதிரின் பெரும் பங்கை இவையும் உறிஞ்சித்தான் அடக்குகின்றன. திருப்பி அனுப்புவது சிறு பங்குதான். ஆனால் இவை தோலின் மேல் அடுக்கிலேயே தங்கிவிடுவதாலும், தோலோடு வம்பு செய்யாத பொருள்கள் என்பதாலும், எரிச்சலும் ஒவ்வாமையும் வருவது குறைவு. துத்தநாக ஆக்சைட் குழந்தைகளின் இடுப்புப் புண்ணுக்குத் தடவும் களிம்பில்கூட உண்டு. 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பதினாறு வகை வெயில் காப்புப் பொருள்களை ஆராய்ந்தபோது, பாதுகாப்பானவை என்று ஏற்கப் போதிய சான்று உள்ளவையாக இந்த இரண்டை மட்டுமே குறிப்பிட்டது.

இரண்டில் எது மேல்? துத்தநாகம் 'ஏ' வகைக் கதிரை இன்னும் அகலமாகத் தடுக்கும். ஆகவே மென்மையான தோல் உள்ளவர்கள் துத்தநாகம் உள்ளதை முதலில் தேடலாம்.

குழாயின் முதுகைப் பாருங்கள்

பெண் பார்க்கும்போது முகத்தைப் பார்ப்பார்கள். பூச்சு வாங்கும்போது முதுகைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் பூவும் பளபளப்பும்தான் இருக்கும். விவரமெல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

1. காக்கும் பொருள்களாக 'ஜிங்க் ஆக்சைட்', 'டைட்டானியம் டையாக்சைட்' மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் 'மினரல்' என்று போட்டுவிட்டு, உள்ளே இரசாயன வகையையும் கலப்பவர்கள் உண்டு. 'ஆக்ஸிபென்சோன்' அல்லது 'பென்சோபீனோன்-3', 'அவோபென்சோன்', 'எதில்ஹெக்சில் மெத்தாக்சிசின்னமேட்' போன்ற பெயர்கள் இருந்தால் அது கலப்பு.

2. வாசனை வேண்டவே வேண்டாம். 'பர்ஃபம்', 'ஃபிராக்ரன்ஸ்' என்ற சொற்களைக் கண்டால் திருப்பி வைத்துவிடுங்கள். 'அன்சென்டட்' என்றால் வாசனை தெரியாது என்பது மட்டும்தான். ஒரு வாசனையை மறைக்க இன்னொன்றைச் சேர்த்திருக்கலாம். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதே நல்லது.

3. எஸ்.பி.எஃப். எண் முப்பதோ ஐம்பதோ இருந்தால் போதும். முப்பது என்பது 'பி' வகைக் கதிரில் நூற்றுக்கு 97 பங்கைத் தடுக்கும். ஐம்பது 98 பங்கைத் தடுக்கும். எண் பெரிதாகிற அளவுக்குப் பாதுகாப்பு பெரிதாவதில்லை. 'ஏ' வகைக்கு 'பி.ஏ.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகளை எண்ணுங்கள். மூன்று அல்லது நான்கு இருக்கட்டும்.

4. வெள்ளைப் பூச்சு நம் நிறத்தில் சாம்பல் பூத்தது போலத் தெரியும். கோலமாவு கொட்டியது போல இருக்கிறது என்று பலர் இதனால்தான் விட்டுவிடுகிறார்கள். இதற்கு வழி, நிறம் கலந்த வகை. அதில் 'அயர்ன் ஆக்சைட்' என்ற இரும்புச் சாயம் இருக்கும். சாம்பல் தெரியாது என்பதோடு, மங்கைக் கறுக்க வைக்கும் கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் அது தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு இதுவே மிகப் பொருத்தம்.

5. பீய்ச்சி அடிக்கும் வகையைத் தவிருங்கள். பொடி மூச்சில் போகும். அது நல்லதல்ல. கிரீமாக இருப்பதே நல்லது.

விலை அதிகமானதுதான் நல்லது என்று எண்ண வேண்டாம். பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனால், தோலுக்கு ஒவ்வாத ஏதாவது ஒன்று அதில் இருக்கவும் வாய்ப்புக் கூடும். மென்மையான தோலுக்குப் பட்டியல் சிறியதாக இருப்பதே நல்லது.

வெளுத்ததெல்லாம் பாலல்ல

இப்போது நான் கவலைப்படுவதாகச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் கன்னத்தில் மங்கு படர்ந்தது. யாரோ சொன்னார்கள் என்று இரவுச் சந்தையில் ஒரு டப்பா வாங்கினாள். வெயிலையும் தடுக்கும், முகத்தையும் வெளுக்க வைக்கும் என்றார்களாம். டப்பாவில் செய்தவர் பெயர் இல்லை, பொருள்களின் பட்டியலும் இல்லை. மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரி வரை எல்லாரும் மெச்சினார்கள். ஆறு மாதம் போனதும் முகம் சிவந்து, அடுப்புப் பக்கம் நிற்க முடியாத எரிச்சல். பூசுவதை நிறுத்தினால் இன்னும் அதிகமானது. அதில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கக்கூடும் என்றார் தோல் மருத்துவர். தோல் மெலிந்து போயிருந்தது. அது ஆறி அடங்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. "அழகாக இருக்கிறாய் என்று எல்லாரும் சொன்னபோதுதான் டீச்சர் அது கெட்டுக்கொண்டிருந்தது" என்றாள். கேட்கவே மனம் கனத்தது.

இது அவள் ஒருத்தியின் கதை அல்ல. பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன், ஸ்டீராய்டு கலந்த முகக் கிரீம்களை நம் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்துத் தடை செய்து வருகிறது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசுகிறவரோடு நிற்காமல், அவரை அணைத்துக் கிடக்கும் குழந்தைக்கும் போகும்.

நம் நாட்டில் 2008 முதல் அழகுப் பொருள்கள் யாவும் அந்த நிறுவனத்திடம் அறிவிக்கப்பட வேண்டும். அறிவித்த பொருளுக்கு 'என்.ஓ.டி.' என்று தொடங்கி 'கே' என்ற எழுத்தில் முடியும் எண் கொடுப்பார்கள். பொருளின் பெயரையோ அந்த எண்ணையோ நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். கைப்பேசி வைத்திருக்கும் உங்கள் மகனோ மகளோ இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். எண் இருப்பதாலேயே அது உயர்ந்த சரக்கு என்று ஆகிவிடாது. ஆனால் எண்ணே இல்லாத சரக்கை முகத்தில் வைக்க வேண்டாம்.

வெயில் பூச்சின் வேலை உங்கள் தோலைக் காப்பது. அதை வெளுக்க வைப்பது அல்ல. இரண்டையும் ஒரே டப்பாவில் தருவதாகச் சொன்னால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

முதலில் கையில், பிறகு முகத்தில்

வாங்கி வந்ததும் முகத்தில் அப்பிக்கொள்ளாதீர்கள். முழங்கையின் உட்புறத்தில் ஐம்பது காசு அளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லை என்றால் முகத்துக்குப் போகலாம்.

அடுத்தது அளவு. நம் பெண்கள் சிக்கனத்தில் கெட்டிக்காரர்கள். அந்தச் சிக்கனம் இங்கே உதவாது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை ஒரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். தினமும் பூசுகிறவருக்கு ஐம்பது கிராம் குழாய் மூன்று மாதம் வருகிறது என்றால், நாளுக்கு அரை கிராம்தான் பூசியிருக்கிறார். அது பூசாததற்குச் சற்று மேல், அவ்வளவுதான். காதையும் பிடரியையும் மறக்க வேண்டாம். வெளியில் வேலை செய்கிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். வியர்வையைத் துண்டால் அழுத்தித் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போய்விடும். ஒற்றி எடுங்கள். மாலையில் மிதமான சவர்க்காரத்தால் கழுவினால் போதும், நாரால் தேய்க்க வேண்டாம். குழாயை மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் போட்டு வைக்கவும் கூடாது.

பாட்டி வைத்தியம் போதாதா?

மலாய்க்காரப் பெண்கள் பூசும் 'பெடாக் செஜுக்' என்ற அரிசி மாவு குளிர்ச்சி தரும். மஞ்சளும் சந்தனமும் நமக்குப் பழக்கமானவை. ஆனால் இவை எதுவும் வெயில் காப்பு அல்ல. சொறிக்குத் தடவும் 'கேலமைன்' நீரில் துத்தநாகம் இருந்தாலும், அது அரிப்பை அடக்கத்தான். துத்தநாகப் பொடியை வாங்கித் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசலாமே என்பார்கள். பொடி கட்டி கட்டியாக நின்று, இடையிடையே தோல் வெறுமையாகக் கிடக்கும்.

எலுமிச்சையைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்து, மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். முகம் வெளுக்கும் என்று தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள்.

யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பூச்சு வேண்டாம். நிழலும் துணியும் போதும். 'டாக்சிசைக்ளின்' போன்ற மருந்துகளும், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் பட்ட இடமெல்லாம் தடிப்பு வருகிறவர்களும், வெண்புள்ளி உள்ளவர்களும் அரசாங்க கிளினிக்கில் காட்டினால், தேவைப்பட்டால் தோல் மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

கடைசியாக ஒன்று. தலைக்குத் துணி, அதன் மேல் தொப்பி, வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை என்று காட்டுக்குப் போன நம் தாய்மாருக்கு எஸ்.பி.எஃப். என்ற சொல் தெரியாது. ஆனால் வெயிலைத் தடுக்கத் தெரிந்திருந்தது. துணி எரிச்சல் தராது, வியர்வையில் கரையாது, காலாவதியும் ஆகாது. ஆகவே முதலில் துணியால் மூடுங்கள். துணி மூடாத முகம், காது, கழுத்து, புறங்கை ஆகியவற்றுக்குக் கனிமப் பூச்சு. இப்படிச் செய்தால் செலவும் குறையும், தோலும் நிம்மதியாக இருக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது குழாயைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.